பாறைத் தேமலில் ஒரு கனிமம்: கிருஷ்ணகிரிப் பக்கம் ஹியூவலைட் தேடப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர்ப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் கரடும் குண்டுக்கல்லுமாகத்தான் கண்ணில் படும். எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதன் மேல் சாம்பல், வெளிர்மஞ்சள், கறுப்பு என்று தேமல் படர்ந்திருக்கும். குவாரிக்காரர்களுக்கு அது பாலிஷ் ஏறாத மேல்தோல், சீவிக் கழித்துவிடுவார்கள். கல் பார்க்க வருகிற மாணவர்களும் சுத்தியலால் அதைத் தட்டிவிட்டு உள்ளே இருக்கும் புது முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் தேடப்போவது அந்தத் தேமலில் இருக்கிறது.

தேடும் பொருள் ஹியூவலைட். வேதியியலில் சொன்னால் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட். இதற்கு ஒரு கூடப்பிறந்தது உண்டு: வெடலைட். அதுவும் கால்சியம் ஆக்சலேட்தான், நீர் மட்டும் கூடுதல். முதலாவது வில்லியம் ஹியூவல் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரின் பெயரைத் தாங்கியது. இரண்டாவது அண்டார்க்டிகாவின் வெடல் கடல் அடிமண்ணில் கிடைத்ததால் அந்தப் பெயர் பெற்றது. இரண்டுமே கரிமக் கனிமங்கள். கனிமங்கள் என்று ஏற்கப்பட்டவை இன்று 6000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் கரிமக் கனிமங்கள் ஒரு கைப்பிடி அளவுதான். வைரம், கிராபைட், கால்சைட் எல்லாவற்றிலும் கார்பன் இருந்தாலும் அவை இந்தக் கணக்கில் வராது. ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்ற கரிம மூலக்கூறே படிகமாகக் கட்டமைந்தால்தான் இந்த வகுப்பில் சேர்ப்பார்கள்.

பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழகியதுதான். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்தக் கால்சியம் ஆக்சலேட்தான். பிரண்டை ஆயும்போது கை அரிப்பதும், சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை நமநமப்பதும் இதன் நுண்படிகங்களால்தான். ஆனால் செடிக்குள்ளும் உடம்புக்குள்ளும் மட்டும் உருவாவதைக் கனிமம் என்று சொல்வதில்லை. நிலவியல் நிகழ்வில் பங்குகொண்டு பாறையில் தங்கினால்தான் அந்தப் பெயர்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கள ஆய்வில் யாரும் "இது ஹியூவலைட்" என்று அடித்துச் சொல்ல முடியாது. களத்தில் நடப்பது, அதைப் போலவே தோற்றம் காட்டும் வேஷக்காரர்களை ஒவ்வொருவராக வெளியேற்றும் வேலை. கடைசியில் மிஞ்சுவதைச் சந்தேகத்துக்குரிய மாதிரி என்று எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். இந்த ஒழுங்கு கைவந்தால் மற்றது தானாக வரும்.

இங்கே எதைத் தேடலாம், எதைத் தேட வேண்டாம்

புத்தகம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மெல்லைட், அபெல்சனைட் என்று பெயர்களை அடுக்குவார்கள். மெல்லைட் பழுப்பு நிலக்கரிப் படுகையில் உருவாவது. அபெல்சனைட் எண்ணெய்க் களிக்கல்லில். தருமபுரி, கிருஷ்ணகிரியின் அடித்தளம் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைஸ் பாறையும் கிரானைட்டும் சார்னகைட்டும். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இங்கே இடமே இல்லை. யூரியாகூடக் கனிமமாகக் கிடைத்திருக்கிறது, ஆனால் அதற்கு ஆஸ்திரேலியப் பாலைவனம் மாதிரி வறட்சி வேண்டும். நம் ஊரில் ஒரு ஐப்பசி மழை போதும், கரைந்து போய்விடும்.

ஆக்சலேட் அப்படியல்ல, தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். அதை உண்டாக்குவதும் பாறை மேலேயே வாழ்கிறது: லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான், இலை மாதிரி மடிந்து வளரும் வகை. நமக்கு வேண்டியது பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடக்கும் பொருக்கு வகை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் இந்த உயிரில், பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. பாறையிலிருந்தும் காற்றுத் தூசியிலிருந்தும் வருகிற கால்சியம் அதோடு சேர்ந்ததும் ஆக்சலேட் படிகம் விழுகிறது. லைக்கன் செத்து உதிர்ந்த பிறகும் படிகம் பாறையில் தங்கிவிடும். ரோமில் டிராஜன் தூணின் பளிங்கு மேல் படிந்திருக்கும் மஞ்சள் பழுப்புப் படலமும் இதே ஆக்சலேட்தான்.

கண்ணுக்குத் தெரிகிற அளவில் பளபளவென்று நிற்கும் ஹியூவலைட் படிகம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்கங்களுக்குத்தான் போக வேண்டும். இங்கே கிடைக்கக்கூடியது மாவு, படலம், பொருக்கு. ஷோகேசில் வைக்கிற ஆசை இருந்தால் இந்தத் தேடல் சரிப்படாது.

கிளம்பும் முன்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் முதலில் வம்பில் மாட்டுவார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காடு முழுக்க வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள். அனுமதியில்லாமல் ஒரு கல்லை எடுத்தாலும் வழக்கு வரும். அதைவிட, யானை வரும். முதல் தேடலைத் தெரிந்தவரின் பட்டா நிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாந்தோப்புக்கு நடுவே உழ முடியாமல் விட்ட குண்டுக்கல் இந்த மாவட்டத்தில் யாரிடம்தான் இல்லை? நிலத்துக்காரர் கட்டாயம் கேட்பார்: "சார், இதுல தங்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" அதற்கு நேரான பதில், "இல்லீங்கண்ணா, கல்லு மேல இருக்கிற பாசியைப் பார்க்க வந்தோம்." சிரிப்பார். ஆனால் அனுமதி கொடுப்பார். ஓடுகிற குவாரிக்குள் போகவே வேண்டாம். வெடி வைக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாது, அங்கே இருப்பது புது முகம் என்பதால் தேடும் பொருளும் இருக்காது.

இன்னொரு எல்லைக்கோடு உண்டு, அதை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. மல்லப்பாடி, மயிலாடும்பாறை போன்ற இடங்களில் வெள்ளையில் தீட்டிய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. ஊர் ஊருக்கு நடுகல் இருக்கிறது. மல்லசந்திரத்தில் கல்திட்டைகள் இருக்கின்றன. இவற்றின் மேல் சுரண்டுவது, சொட்டு விடுவது, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது எதுவும் கூடாது. சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த ஆக்சலேட் படலமே ஒரு ஆவணம் என்பது. அதிலுள்ள கார்பன் ஒருகாலத்தில் காற்றிலிருந்து உயிர்கள் வழியாக வந்தது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியிலும் டெக்சாசின் பீக்கோஸ் ஆற்றுப்பக்கத்திலும் ஓவியத்துக்குக் கீழும் மேலும் இருக்கும் ஆக்சலேட் படலத்தைக் கார்பன் முறையில் காலம் கணித்து ஓவியத்தின் வயதைத் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் பேனாக்கத்தியால் சீவுகிற அரை மில்லிமீட்டரில் அந்த வாய்ப்பு மொத்தமும் போய்விடும். ஓவியமோ செதுக்கலோ இருக்கிறதா என்று சந்தேகம் வந்தாலே போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

பையில் வைக்க வேண்டியது அதிகமில்லை. பத்து மடங்கு காட்டும் லூப், அதாவது கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று. பேனாக்கத்தி. வெள்ளைக் காகிதம், சின்னச் சின்ன ஜிப் கவர்கள், மார்க்கர் பேனா. சொட்டுமருந்து பாட்டிலில் கடையில் விற்கும் வெள்ளை வினிகர். இன்னொரு பாட்டிலில் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர் (பேட்டரி ஆசிட் அல்ல). கழிவறை கழுவும் ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கைக்கும் ஆபத்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. சம்மட்டி, உளி எதுவும் தேவையில்லை. செங்குத்துப் பாறையில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அந்தப் பக்கமே போகக் கூடாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை வெயில் இந்த வேலைக்கு அருமை. மழை விட்ட மறுநாள் போனால் லைக்கன் நீர் குடித்து நிறம் மாறியிருக்கும், குழப்பும்.

முதலில் கல்லைத் தேர்ந்தெடுங்கள்

கால்சியம் இல்லாமல் கால்சியம் ஆக்சலேட் இல்லை. ஆகவே செந்நிறப் பொட்டாஷ் பெல்ஸ்பார் நிறைந்த கிரானைட்டைவிட, கறுப்புக் கிரானைட் என்று வியாபாரத்தில் சொல்லும் டோலரைட் டைக் பாறைகள் (பழைய பாறையின் வெடிப்பில் சுவர்போல ஏறி உறைந்தவை) நல்ல இடம். அவற்றில் கால்சியமுள்ள பெல்ஸ்பாரும் பைராக்சீனும் நிறைய உண்டு. வயலுக்கு நடுவே நேர்கோட்டில் ஓடும் கறுப்புக் குண்டுக்கல் வரிசை தெரிந்தால் அது பெரும்பாலும் டைக்தான்.

அதற்காகச் சாமல்பட்டிக்கோ ஒகேனக்கலுக்கோ ஓடாதீர்கள். அங்கே கார்பனடைட் பாறைகள் இருக்கின்றன. பாறையே பாதி கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். எதில் வினிகர் விட்டாலும் நுரைக்கும், புதியவருக்குத் தலை சுற்றும். கை பழகிய பிறகு போகலாம்.

கல் கிடைத்ததும் அதைச் சுற்றி வாருங்கள். மழை நேராக அடித்துக் கழுவும் முகத்தை விடுங்கள். மேலே சற்றுக் கவிந்து, கீழே எப்போதாவது நீர் கசிந்து காயும் முகம்தான் வேண்டும். பொதுவாக நிழல் விழும் வடக்குப் பக்கம் கைகொடுக்கும்.

லூப் போட்டுப் பாருங்கள்

லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து முகத்தைக் கல்லுக்கு அருகில் கொண்டு போங்கள். லூப்பைக் கல்லருகே பிடித்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சாய்வாக விழும் வெளிச்சம் இருந்தால் நல்லது.

பொருக்கு லைக்கன் பத்து மடங்கில் காய்ந்த ஏரி மண்ணாகத் தெரியும்: சின்னச் சின்னப் பாளங்கள், நடுவே வெடிப்பு. சில பாளங்களின் மேல் கறுப்பாகவோ பழுப்பாகவோ குட்டித் தட்டுகள் உட்கார்ந்திருக்கும், அவை அதன் கனிகள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பாளங்களின் மேல்பரப்பை. ஒன்றில் வழவழப்பாகச் சாம்பல் பச்சை தெரியும். பக்கத்துப் பாளத்தில் மேலே வெள்ளை மாவு தூவினாற்போல், விரலால் தேய்த்தால் லேசாக வரும் ஒரு பூச்சு தெரியும். பல லைக்கன்களில் இந்த மாவுப் பூச்சு கால்சியம் ஆக்சலேட்தான், அதிலும் வெடலைட் அதிகம். இன்னும் நல்ல அடையாளம், வட்டமாக வளர்ந்து நடுவில் செத்துப்போன லைக்கன். வெளி வளையம் உயிரோடு நிறமாக இருக்கும். நடுவில் பாளங்கள் உதிர்ந்த இடத்தில் பாறை வெறுமையாக இல்லாமல் வெளிர்க் கிரீம் நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருக்கும். அந்தத் தோலின் ஓரத்தைக் கத்தி முனையால் மெல்ல நெம்பினால் செதிலாக எழும்பும். அதை ஒரு அடையாளப் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே விட்டுவையுங்கள், இன்னும் சுரண்ட வேண்டாம்.

வெடலைட் வெயிலில் நீரை இழந்து ஹியூவலைட்டாக மாறிவிடும். எனவே உயிருள்ள லைக்கனின் மாவில் வெடலைட்டும் பழைய தோலில் ஹியூவலைட்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் லூப்பில் இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது.

கடினத்தன்மை பார்க்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிடலாம். ஹியூவலைட்டின் கடினம் இரண்டரையிலிருந்து மூன்று, நகத்துக்குச் சற்று மேல். ஆனால் காகிதத் தடிமனுள்ள படலத்தை நகத்தால் கீறினால் கீழேயுள்ள பாறைதான் பதில் சொல்லும். ரூபாய் நோட்டு சோதிக்கும் அல்ட்ராவயலட் டார்ச்சும் அப்படியே. லைக்கனில் உள்ள வேறு பொருள்களே பல நிறத்தில் மின்னும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆன்லைனில் அதைத்தான் பெரிதாக விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வேஷக்காரர்களை வெளியேற்றுதல்

பாறை மேல் வெள்ளையாக, கிரீமாக இருப்பது எல்லாம் வரிசையில் நிற்கும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி ஏமாற்றுகிறவர்கள் ஐந்தாறு பேர்.

பெரிய ஏமாற்றுக்காரர் சுக்காங்கல், அதாவது மண்ணிலும் பாறை வெடிப்பிலும் படியும் கால்சைட். அது வினிகரில் நுரைக்கும். ஆக்சலேட் வினிகரில் அசையாது. ஆகவே கிள்ளி எடுத்த துளியைக் காகிதத்தில் வைத்துப் பொடித்து, லூப்பில் பார்த்தபடி ஒரு சொட்டு விடுங்கள். பொடிக்காமல் விட்டால் சுக்காங்கல்லும் சோம்பேறித்தனமாகத்தான் நுரைக்கும், அதைப் பார்த்து ஆக்சலேட் என்று நினைத்துவிடக் கூடாது. சுண்ணாம்பு அடித்த கல்லும் இதே கதை. கோயில் பக்கத்துப் பாறை, எல்லைக் கல், ஆடிக்கு வெள்ளையடித்த சாமிக்கல் இதிலெல்லாம் சுண்ணாம்பு பல தலைமுறைக்கு ஒட்டியிருக்கும்.

பறவை எச்சம் இன்னும் சுவாரசியமானது. வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அதுவும் வினிகரில் நுரைக்காது, தண்ணீரிலும் எளிதில் கரையாது. இதிலிருந்து வரும் கரிமக் கனிமங்களும் உண்டு. ரஷ்யாவில் எரியும் நிலக்கரிக் குவியல் மேல் செந்நிற வல்லூறின் எச்சத்திலிருந்து உருவான டின்னன்குலைட் என்ற கனிமத்துக்கு அந்தப் பறவையின் அறிவியல் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் தேடுவது அது அல்ல. எச்சம் மேலிருந்து கீழே வழிந்த கோடாக இருக்கும், லைக்கன் வட்டத்தை மதிக்காது. சூடாக்கினால் கருகி நாறும். அந்தப் புகையை முகர்ந்து பார்க்காதீர்கள்.

மீதிப் பேர் சுலபம். உப்புப் பூத்தது பேட்டரி வாட்டர் ஒரு சொட்டில் கரைந்துவிடும். சிலிக்கா மெருகு கண்ணாடி மாதிரி பளபளக்கும், கத்தி அதில் வழுக்கும். வெள்ளைக் களிமண் ஈரத்தில் குழைந்து விரலில் வழவழக்கும். ஜிப்சம் மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரர். வினிகரிலும் நுரைக்காது, தண்ணீரிலும் கண் முன்னே கரையாது. அவரை அடுத்த சோதனையில் பிடிக்கலாம்.

மாதிரி எடுப்பது

வெள்ளைக் காகிதத்தை நான்காக மடித்துக் கல்லுக்குக் கீழே ஒட்டிப் பிடியுங்கள். கத்தியைப் படுக்கவைத்து மாவுப் பூச்சையோ அந்தக் கிரீம் தோலையோ மட்டும் சீவுங்கள். கால் டீஸ்பூன் கூட வேண்டாம், பயறு அளவு கிடைத்தால் ஆய்வகத்துக்கும் போதும், வீட்டுச் சோதனைக்கும் போதும். பாறைத் துகள் கலக்கக் கலக்கப் பின்னால் தொல்லை. உயிருள்ள லைக்கன் வட்டத்தை முழுக்கச் சுரண்டாதீர்கள். சில பொருக்கு வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. ஓரத்தில் விரல்நகம் அளவு போதும். கவரில் தேதி, ஊர், பாறை வகை, எந்தத் திசை முகம், கல்லில் என்ன உயரம் என்று எழுதிவிடுங்கள். செல்போனில் இடப்புள்ளி எடுத்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு அடுப்பில் செய்யும் சோதனை

இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம். கருவி எதுவும் இல்லாமல் வேதியியல் கண் முன்னே நடக்கும்.

தத்துவம் எளிது. கால்சியம் ஆக்சலேட்டைச் சூடாக்கினால் சுமார் 200 டிகிரிக்குள் நீர் போகிறது. 400-லிருந்து 500 டிகிரிக்குள் கார்பன் மோனாக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகிறது. இன்னும் ஏற்றி 700-ஐத் தாண்டினால் சுட்ட சுண்ணாம்பு. அதாவது சூடாக்கும் முன் நுரைக்காத பொடி, சூடாக்கிய பின் நுரைக்கும். சுக்காங்கல் முன்னும் நுரைக்கும், பின்னும் நுரைக்கும். ஜிப்சமும் களிமண்ணும் சிலிக்காவும் இரண்டு தடவையும் வாயைத் திறக்காது.

முதலில் பொடியைக் கழுவ வேண்டும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பொடியைப் போட்டு வினிகர் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். ஒட்டியிருந்த சுக்காங்கல் தூசி எல்லாம் கரைந்துவிடும், ஆக்சலேட் அடியில் நிற்கும். மேலே தெளிந்ததை இறுத்துவிட்டுப் பேட்டரி வாட்டர் விட்டு மூன்று தடவையாவது அலசுங்கள். இந்த அலசலில் சோம்பல் கூடாது. வினிகரில் கரைந்த சுண்ணாம்பு கால்சியம் அசிடேட்டாக மிஞ்சினால், அதைச் சூடாக்கும்போது அதுவும் கார்பனேட்டாக மாறிப் பொய்யாக நுரைக்கும். போர் தண்ணீரிலும் அலசக் கூடாது. நம் மாவட்டத்து போர் தண்ணீர் காய்ந்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவது எல்லார் வீட்டிலும் தெரிந்த சங்கதி. அந்தப் படிவும் நுரைக்கும்.

அலசியதைக் காயவைத்துப் பழைய ஸ்டீல் ஸ்பூனில் எள்ளளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, இடுக்கியால் ஸ்பூனைப் பிடித்து காஸ் அடுப்பின் தணலில் காட்டுங்கள். லைக்கன் துணுக்கு கலந்திருந்தால் முதலில் பொடி சாம்பலாகக் கறுக்கும், பிறகு மெல்ல வெளுக்கும். அடுப்படி விளக்கை அணைத்துவிட்டால் எவ்வளவு சூடு என்று தெரியும்: ஸ்பூனின் அடி இருட்டில் லேசாகச் செந்நிறம் காட்டினால் போதும், அதே அளவில் சில நிமிடம் வைத்து இறக்கிவிடுங்கள். ஆரஞ்சு நிறத்துக்குப் போக விடக் கூடாது.

முழுக்க ஆறட்டும். பிறகு பொடியைக் கண்ணாடித் துண்டில் தட்டி, லூப்பில் பார்த்தபடி ஒரு சொட்டு வினிகர். ஆக்சலேட்டாக இருந்தால் பொடியைச் சுற்றி ஊசிமுனைக் குமிழிகள் எழும்பி, சில துகள் குமிழியோடு மேலே மிதந்து வரும். கூடவே சூடாக்காத அதே பொடியில் ஒரு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று துள்ள, மற்றொன்று சும்மா கிடக்க வேண்டும். ஒப்பிடாமல் சொல்லும் முடிவுக்கு மதிப்பில்லை.

சூடு அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகமா? பொடி சுண்ணாம்பாகிவிட்டிருந்தால் நுரைக்காது. அப்போது துளி மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தொட்டு வையுங்கள். ஆரத்தி நிறத்துக்குச் சிவந்தால் சுண்ணாம்பு பிறந்துவிட்டது என்று அர்த்தம். புதிய பொடியை எடுத்துக் குறைந்த தணலில் மறுபடி செய்யுங்கள். மரச்சாம்பலும் மஞ்சளைச் சிவக்க வைக்கும், நுரைக்கவும் செய்யும். எனவே விறகு அடுப்பு வேண்டாம், லைக்கன் சதை அதிகம் கலந்த பொடியும் வேண்டாம்.

சேலம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம், சாமல்பட்டிப் பக்கம் என்று மக்னீசியம் நிறைந்த பாறைகளில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட பாறையில் லைக்கன் உண்டாக்கக்கூடியது மக்னீசியம் ஆக்சலேட், கனிமப் பெயர் குளுஷின்ஸ்கைட். ஸ்காட்லாந்தின் செர்பென்டைன் பாறையில் லைக்கனுக்கு அடியில் கிடைத்திருக்கிறது. அது சூட்டில் கார்பனேட் ஆகாமல் நேரே மக்னீசியம் ஆக்சைடாகப் போய்விடும். அதனால் நுரைக்காது. அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், மாதிரியை நேராக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

நுண்ணோக்கி கிடைத்தால்

பள்ளி நுண்ணோக்கி இருந்தாலே போதும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷின் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு காட்டும், அதுவும் ஆகும். ஒரு சொட்டுத் தண்ணீரில் பொடியைக் கலந்து பாருங்கள். வெடலைட் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிய வடிவம். மேலிருந்து பார்த்தால் தபால் உறையில் போட்ட குறுக்குக் கோடு மாதிரி தெரியும். சிறுநீர் பரிசோதிக்கும் லேப் டெக்னீசியனிடம் காட்டினால் பார்த்த உடனே அடையாளம் சொல்வார். அவர் தினமும் பார்ப்பது. ஹியூவலைட் பெரும்பாலும் ஒழுங்கற்ற துகளாகத்தான் இருக்கும்.

பழைய கால்குலேட்டர் திரையில் உள்ள போலராய்டுத் தாளை உரித்து இரண்டு துண்டு எடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக ஸ்லைடுக்கு மேலும் கீழும் வைத்தால் பின்னணி இருண்டுவிடும். ஹியூவலைட் துகள் அந்த இருட்டில் பளிச்சென்று எரியும். கால்சைட்டும் அப்படியே எரியும் என்பதால் வினிகரில் கழுவிய பொடியில்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஆய்வகம்

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. பக்கத்து மருந்தியல் கல்லூரிகள் பலவற்றில் அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி இருக்கும். யாரிடம் போனாலும் "இது என்ன கல் சார்?" என்று கேட்காதீர்கள். "லைக்கனுக்கு அடியில் எடுத்த மாதிரி, கால்சியம் ஆக்சலேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படிகத்தை அடையாளம் காணும் முறை) எடுத்தால் செம்புக் கதிர்வீச்சில் ஹியூவலைட்டுக்கு 14.9, 24.4, 30.1 டிகிரிகளில் முகடுகள் வரும். வெடலைட்டுக்கு 14.3, 32.2. லேசர் ஒளிச் சிதறலைப் பார்க்கும் ராமன் கருவியில் ஹியூவலைட் 1463, 1490 (அலைஎண், செ.மீ.⁻¹) என்று இரட்டை முகடு காட்டும். வெடலைட் 1475-ஐ ஒட்டி ஒற்றை முகடு. எஃப்.டி.ஐ.ஆரில் 1620-ஐ ஒட்டியும் 1320-ஐ ஒட்டியும் வலுவான பட்டைகள் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் ஆக்சலேட் என்று கொள்ளலாம்.

முடிவில் 26.6 டிகிரியில் குவார்ட்ஸ் முகடு மட்டும் கொம்பு மாதிரி நின்று மற்றதெல்லாம் தரையோடு கிடந்தால், சோர்ந்துபோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் கத்தி ஆழமாகப் போய்ப் பாறைத்தூள் மாதிரியை நிறைத்துவிட்டிருக்கும். மீதிப் பொடியைப் பேட்டரி வாட்டரில் கலக்கி ஒரு நிமிடம் வைத்தால் கனமான குவார்ட்ஸ் மணல் அடியில் இறங்கும். மேலே கலங்கலாக நிற்கும் நுண்பொடியை வேறு தட்டில் ஊற்றிக் காயவைத்து, அதை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.